டாட், ஸ்பாட், ஸ்பெக்: மூன்றுக்கும் ‘புள்ளி’ போதுமா?

கேள்வி, ஜூன் 2

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஆங்கிலக் கட்டுரையில் ‘எ டாட் ஆஃப் டஸ்ட்’ என்று எழுதினாள். ஆசிரியை சிவப்பு மையால் அடித்துவிட்டு ‘ஸ்பெக்’ என்று மேலே எழுதியிருக்கிறார். வீட்டில் உள்ள அகராதியில் டாட், ஸ்பாட், ஸ்பெக் மூன்றுக்கும் புள்ளி என்றே போட்டிருக்கிறது. அப்படியானால் பிழை எங்கே? இலக்கணமா, பழக்கமா, ஆசிரியையின் பிடிவாதமா?

ஜூன் 2, இரவு

ஆசிரியை அடித்தது சரி. இது இலக்கணப் பிழை அன்று, சொல் தேர்வில் வந்த பிழை. தூசி தானாக வந்து விழுகிறது. டாட் தானாக விழாது, அதை யாராவது வைக்க வேண்டும். பேனா முனையோ தூரிகையோ அச்சு இயந்திரமோ, எதனால் வைத்தாலும் சரி. சிறிய ஐ எழுத்தின் தலையில் இருப்பது டாட். மேசை விரிப்பில் சிந்திக் காய்ந்த காப்பி ஸ்பாட். கண்ணில் விழுந்து உறுத்துவது ஸ்பெக்.

வைத்தால் டாட், விழுந்தால் ஸ்பெக், படிந்தால் ஸ்பாட். மகளிடம் இப்போதைக்கு இவ்வளவு சொல்லுங்கள், தேர்வுக்குப் போதும்.

அளவை வைத்துப் பிரிக்கலாமே என்று கேட்பீர்கள். ஓரளவுக்குத்தான் முடியும். ஸ்பாட் கோணல்மாணலாக இருக்கலாம், டாட் ஏறக்குறைய வட்டம், ஸ்பெக் உருவமே பிடிபடாத அளவுக்குச் சிறியது. ஆனால் யாயோய் குசாமா என்ற ஜப்பானிய ஓவியர் பூசணிக்காய் சிற்பங்களின் மேல் தீட்டும் வட்டங்களில் சில சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியவை. அவற்றுக்கும் பெயர் டாட்தான். அளவை நம்பினால் அங்கே மாட்டிக்கொள்வோம்.

ஜூன் 3, காலை

நான் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையில் இருந்தவன். இந்த வேறுபாட்டை அங்கே காகிதம் வீணாகும் செலவில் கற்றுக்கொடுப்பார்கள்.

பத்திரிகையில் வரும் எந்தப் புகைப்படத்தையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். படம் இருக்காது, வரிசை வரிசையாகப் புள்ளிகள்தான் இருக்கும். கறுப்பான இடத்தில் பெரிய புள்ளிகள், வெளிறிய இடத்தில் சிறியவை. அச்சகத்தில் அவற்றை யாரும் புள்ளி என்று சொன்னதில்லை, டாட் என்றுதான் சொல்வார்கள். செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சுவதால் ஒவ்வொரு டாட்டும் சற்று வீங்கும். அதற்கு டாட் கெயின் என்று பெயர். வீக்கத்தை முன்கூட்டியே கணக்கில் எடுக்காவிட்டால் மாப்பிள்ளையின் படம் கரி பூசியதுபோல வரும்.

இயந்திரத்தில் தூசியோ காய்ந்த மைத்துணுக்கோ ஒட்டிக்கொண்டால் நடுவில் கறுப்பும் சுற்றி வெள்ளை வளையமுமாக ஒரு வடு விழும். அதன் பெயர் ஹிக்கி. எங்கள் இயந்திரக்காரர் அதை ஸ்பாட் என்பார். ‘டாட் விழுகிறது’ என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆங்கிலம் அதிகம் படிக்காதவர், ஆனால் வைத்தது எது, விழுந்தது எது என்று அவருக்குத் தெரியும்.

ஒருமுறை நாட்காட்டியில் முருகனின் கன்னத்தில் ஹிக்கி விழுந்துவிட்டது. முதலாளி அசரவில்லை. “திருஷ்டிப் பொட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள்” என்றார் பார்ட்டியிடம். விழுந்ததை வைத்தது என்று மாற்றிவிடப் பார்த்தார். பார்ட்டி ஒப்புக்கொள்ளவில்லை. முழு அச்சையும் திரும்ப அடித்தோம்.

ஜூன் 3, மதியம்

கேள்வி கேட்டவருக்கு ஒரு பின்குறிப்பு. புள்ளிமானுக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்பாட்டட் டீர்’ என்பார்கள், ‘டாட்டட்’ என்பதில்லை. சிறுத்தைக்கும் ஸ்பாட்தான். தோலோடு பிறந்தவை, யாரும் வைக்கவில்லை. சேலையில் அதே அளவு வட்டங்களை அச்சிட்டால் போல்கா டாட் ஆகிவிடும்.

முகப்பருவுக்கு இங்கிலாந்தில் ஸ்பாட் என்பார்கள், அமெரிக்காவில் அப்படிச் சொல்வது அரிது. வெயிலால் வெள்ளைத் தோலில் வரும் தவிட்டு நிறப் புள்ளிகளுக்கு ஃப்ரெக்கிள். அதை மச்சம் என்றோ மரு என்றோ தேமல் என்றோ பெயர்த்தால் மூன்றும் தவறு. நம் தோலில் அவை அவ்வளவாகத் தெரிவதில்லை, அதனால் தனிச் சொல்லுக்கு நமக்குத் தேவை வரவில்லை.

ஜூன் 4

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது. தொடுவானத்தில் போகும் கப்பலை ஆங்கிலத்தில் ‘எ டாட் ஆன் த ஹொரைசன்’ என்கிறார்களே, அந்தக் கப்பலை அங்கே யார் வைத்தது என்று கேட்கிறார் ஒருவர்.

நியாயமான கேள்வி. இரவெல்லாம் யோசித்ததில் தோன்றியது இது. கப்பல் அங்கே டாட் ஆவது, அதன் உருவம் போய் இடம் மட்டும் மிஞ்சும்போதுதான். பாய்மரமா, சரக்குக் கப்பலா, எதுவும் தெரியாது. ‘அதோ, அங்கே’ என்று விரலால் காட்ட மட்டும் முடியும். யூக்ளிட் தம் வடிவியல் நூலை முதல் வரியிலேயே இப்படித்தான் தொடங்குகிறார்: பகுதிகள் இல்லாதது புள்ளி. அந்தப் புள்ளிக்கு ஆங்கிலத்தில் பாயின்ட் என்று பெயர். பாயின்ட்டைக் காகிதத்தில் காட்ட வேண்டுமானால் டாட் வைத்தாக வேண்டும். பாயின்ட் மனத்தில் இருப்பது, டாட் தாளில் இருப்பது.

ஆகவே முதலில் சொன்ன சூத்திரத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். டாட் என்றால் ஓர் இடத்தைக் குறிப்பது. கை வைத்தாலும் சரி, தொலைவு வைத்தாலும் சரி. ஸ்பெக் எந்த இடத்தையும் குறிப்பதில்லை, அது ஒரு பொருளின் துணுக்கு. அதனால்தான் ‘ஸ்பெக் ஆஃப் டஸ்ட்’ சரியாக ஒலிக்கிறது. அந்த ‘ஆஃப்’ என்பதற்குப் பின்னால் பொருளின் பெயர் வர வேண்டும். டாட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் ‘ஆன்’ வரும்: வரைபடத்தின் மேல், எழுத்தின் மேல், தொடுவானத்தின் மேல்.

ஜூன் 4, இரவு

வரைபடம் என்றதும் சிங்கப்பூர் நண்பர்கள் விடவில்லை. உண்மைதான், அவர்களை மறந்துவிட்டு இந்தச் சொல்லைப் பேச முடியாது. 1998-இல் இந்தோனேசிய அதிபராக இருந்த ஹபிபி வரைபடத்தைக் காட்டிப் பேசும்போது சிங்கப்பூரைச் சிவப்புப் புள்ளி என்று குறிப்பிட்டார். சுற்றிலும் பச்சையாக இருப்பதெல்லாம் இந்தோனேசியா, அந்தச் சிவப்பு டாட் சிங்கப்பூர் என்பது பேச்சின் போக்கு. ஓர் ஆங்கில நாளிதழில் அது வெளியானது. சிங்கப்பூர்க்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு அதையே எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். 2015-இல் அந்நாட்டின் பொன்விழாச் சின்னமே ஒரு சிவப்பு வட்டம். அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் ‘சின்னஞ்சிறு சிவப்புப் புள்ளி’ என்ற தொடர் தமிழ் மேடைகளிலும் வந்துவிட்டது.

ஹபிபி ஸ்பெக் என்று சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது என்பது என் ஊகம். தூசி என்று பொருள்பட்டுவிடும், அதை யாரும் சட்டையில் குத்திக்கொள்ள மாட்டார்கள். டாட் சிறியதுதான், ஆனால் வரைபடத்தில் அதற்கு ஓர் இடம் உண்டு.

ஜூன் 6

சொல்லின் பிறப்பு பற்றி இருவர் கேட்டிருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே படிக்க வேண்டாம்.

பழைய ஆங்கிலத்தில் ‘டாட்’ என்றால் கொப்புளத்தின் முனை. சீழ் கோத்து நிற்குமே, அந்த முனை. ஒரு பழைய மருத்துவக் குறிப்பில் வருகிறது. அதன் பிறகு பல நூற்றாண்டுகளுக்கு எழுத்தில் அந்தச் சொல்லின் தடமே இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் மீண்டும் தலைகாட்டுகிறது. சிறு குறி என்ற இன்றைய பொருளில் 18-ஆம் நூற்றாண்டில்தான் பரவலாகிறது. ஊர்ப் பேச்சில் உயிரோடு இருந்து, எழுதுகிறவர்கள் கண்ணில் படாமல் போயிருக்க வேண்டும். வசவுகளும் உடலுறுப்புப் பெயர்களும் எல்லா மொழியிலும் அப்படித்தான் எழுத்துக்கு வெளியே வாழ்கின்றன.

போல்கா டாட் 1850-களில் வருகிறது. அதற்குச் சற்று முன்புதான் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் போல்கா நடனப் பித்து ஆட்டிவைத்தது. வியாபாரிகள் கண்ட பொருளுக்கெல்லாம் போல்கா என்று பெயர் வைத்தார்கள். மற்றவை போயின, துணி நின்றது. நடனத்துக்கும் வட்டத்துக்கும் வேறு தொடர்பு இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் அதே துணியைப் பட்டாணி போட்ட துணி என்பார்கள். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் மலையேற்றத்தில் முந்துபவருக்கு 1975 முதல் தரும் சிவப்புப் புள்ளிச் சட்டைக்கும் அதுவே பெயர்.

ஜூன் 7, ஞாயிறு

இன்று கிரிக்கெட். எனக்குப் பிடித்த இடம் இதுதான், நீளும்.

சிவகாசியில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதப் போவேன். கூலி மதியச் சாப்பாடு. ஸ்கோர் புத்தகத்தில் ஒவ்வோர் ஓவருக்கும் ஒரு கட்டம். பந்து வீசி ஓட்டம் வராவிட்டால் ஒரு டாட். டாட் பால் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. தொலைக்காட்சி வர்ணனையாளர் கண்டுபிடித்தது அன்று, ஸ்கோரர் பென்சிலின் முனை கண்டுபிடித்தது.

புதிதாக எழுத வருகிற பையன்கள் முதலில் கேட்பது, ஓட்டம் இல்லையென்றால் கட்டத்தைக் காலியாக விட்டால் என்ன என்பதுதான். விட முடியாது. காலி என்றால் பந்து வீசப்படவில்லை என்று பொருள். டாட் என்றால் வீசப்பட்டது, ஒன்றும் வரவில்லை. இந்த வேறுபாடு தெரியாமல் விட்டால் ஓவரில் ஐந்து பந்தா ஆறு பந்தா என்று நடுவரிடம் போய் நிற்க வேண்டிவரும். பூஜ்யம் எழுதலாமே என்றால், எழுத நேரம் ஆகும். நோ பாலுக்கு வட்டம் போடுவதால் குழப்பமும் வரும்.

ஆறு பந்திலும் ஓட்டம் இல்லையென்றால் மெய்டன். ஆறு டாட்டுகளையும் கோட்டால் இணைத்து ஆங்கில ‘எம்’ எழுத்தாக்குவோம். அந்த ஓவரில் விக்கெட்டும் விழுந்திருந்தால் ‘டபிள்யூ’ வருமாறு இணைப்போம். புள்ளியை இணைத்தால் எழுத்து. ஸ்கோரருக்கு வாய்க்கும் ஒரே அலங்காரம் அது. கோடு இழுக்கும்போது பந்துவீச்சாளரைவிட எனக்குத்தான் மகிழ்ச்சி அதிகம்.

1964 ஜனவரியில் சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட். பாபு நட்கர்னி தொடர்ந்து 21 மெய்டன் ஓவர்கள் வீசினார். நடுவில் ஓர் ஓட்டம்கூடக் கொடுக்காமல் 131 பந்துகள். முடிவில் அவர் கணக்கு 32 ஓவர், 27 மெய்டன், 5 ஓட்டம், விக்கெட் இல்லை. அன்று ஸ்கோர் எழுதியவரின் அந்தப் பக்கத்தைப் பார்க்க எனக்கு ஆசை. வரிசையாக எம், எம், எம்.

விக்கெட் இல்லை என்ற கடைசிச் செய்தியைப் பலர் விட்டுவிட்டுச் சொல்கிறார்கள். அது இல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. 131 டாட் வைத்தும் அவர் பந்தில் ஆட்டக்காரர் ஒருவரும் வெளியேறவில்லை. டாட் என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்ற பதிவு, இரு பக்கத்துக்கும்.

ஜூன் 7, பிறகு

ஒன்றை விட்டுவிட்டேன், விவரம் தெரிந்தவர்கள் பிடித்துவிட்டார்கள். வைடு பந்துக்குக் கூட்டல் குறி போடுவோம். அந்த வைடில் ஆட்டக்காரர்கள் ஓடி ஓட்டம் எடுத்தால், ஓட்டத்துக்கு ஒன்றாகக் குறியின் மூலைகளில் டாட் வைப்போம். ஆக, தனியாக நின்றால் ஓட்டம் இல்லை, மூலையில் நின்றால் ஓர் ஓட்டம். ஒரே பக்கத்தில் ஒரே குறிக்கு நேர்மாறான இரண்டு பொருள். பழகிவிட்டால் கை தடுமாறாது.

2023 ஐபிஎல் பிளேஆஃப் ஆட்டங்களில் ஒவ்வொரு டாட் பாலுக்கும் 500 மரக்கன்றுகள் நடுவதாக வாரியம் அறிவித்தது. திரையில் டாட்டுக்குப் பதிலாக மரம் முளைத்தது. முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில். நட்கர்னி கணக்குக்கு எத்தனை மரம் என்று நானும் பெருக்கிப் பார்த்தேன்: 65,500. சென்னையின் வெயிலே குறைந்திருக்கும்.

ஜூன் 8

டாட் ‘ஒன்றுமில்லை’யைக் குறிப்பது கிரிக்கெட்டில் மட்டும் இல்லை. கம்போடியாவில் சம்போர் என்னும் இடத்தில் கிடைத்த கல்வெட்டு சக ஆண்டு 605, அதாவது கி.பி. 683. அந்த 605-இன் நடுவில் உள்ள சுழியம் ஒரு புள்ளிதான். அரபு எழுத்தில் இன்றும் சுழியம் ஒரு புள்ளி. வளைகுடாவில் வேலை பார்த்த தமிழர்களைக் கேளுங்கள்: வண்டி எண்பலகையில் புள்ளியைக் கண்டால் பூஜ்யம், வட்டத்தைக் கண்டால் ஐந்து. புதிதாகப் போனவர் வட்டத்தைப் பூஜ்யம் என்று படித்து வேறு வண்டியில் போய் ஏறுவார்.

நம் புள்ளியும் அந்த இனம்தான். ‘க’ மேல் புள்ளி வைத்தால் ‘க்’. அகரம் போய்விட்டது என்பதற்கு அடையாளம். மெய் புள்ளியோடு நிற்கும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று எழுதியவர்கள் விட்டுவிட்டார்கள், படித்தவர்கள் ஊகித்துப் படித்தார்கள். எங்கள் அச்சகத்திலும் தட்டச்சில் புள்ளி விடுபட்ட படிவங்கள் வரும். மை குறைவு என்று இயந்திரக்காரரைத் திட்டுவார்கள்.

ஜூன் 9

‘டோட்டேஜ்’ என்ற சொல்லும் இதிலிருந்து வந்ததா? இல்லை. முதுமையில் புத்தி தளர்வதைக் குறிக்கும் அந்தச் சொல் ‘டோட்’ என்ற வேறு வேரிலிருந்து வருகிறது. ஆனால் இந்த ஒலி ஒற்றுமையை வைத்து ஒருவர் அருமையாக விளையாடியிருக்கிறார். கணினிக்கு முன்னோடி என்று சொல்கிறோமே, சார்லஸ் பாபேஜ். நியூட்டன் நுண்கணிதத்தில் எழுத்தின் மேல் டாட் வைத்து எழுதினார். ஐரோப்பாவில் மற்றவர்கள் லைப்னிட்ஸ் என்ற ஜெர்மானியக் கணித அறிஞரின் வழியில் ‘டி’ எழுதினார்கள். கேம்பிரிட்ஜ் நியூட்டன்மேல் வைத்த பக்தியில் டாட்டைவிட்டு நகரவில்லை. 1812 வாக்கில் பாபேஜும் நண்பர்களும் சங்கம் அமைத்து, பல்கலைக்கழகத்தின் ‘டாட்-ஏஜ்’ஜுக்கு எதிராகத் தூய ‘டி-இசம்’ என்று கிண்டல் செய்தார்கள். டாட் யுகம், தள்ளாமை, இரண்டும் ஒரே சொல்லில்.

இறுதியில் ‘டி’ வென்றது. இயற்பியல் பாடத்தில் மட்டும் டாட் இன்னும் எழுத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது.

ஜூன் 11

மின்னஞ்சல் முகவரியைத் தொலைபேசியில் சொல்வது எப்படி, பாயின்ட்டா டாட்டா ஃபுல் ஸ்டாப்பா என்று கேட்டவருக்கு: முகவரியில் டாட். எண்ணில் பாயின்ட், ‘த்ரீ பாயின்ட் ஒன் ஃபோர்’. வாக்கிய முடிவில் இங்கிலாந்தில் ஃபுல் ஸ்டாப், அமெரிக்காவில் பீரியட். தாளில் நான்கும் ஒரே கறுப்பு. எண்ணில் மட்டும் இங்கிலாந்தில் முன்பு அதை நடு உயரத்தில் தூக்கி வைப்பார்கள், லேன்சட் மருத்துவ இதழ் இன்னும் அப்படித்தான் அச்சிடுகிறது. அந்த இதழிலிருந்து எடுத்த ஒரு மேற்கோளில் புள்ளி தூக்கி நிற்பதைப் பிழை என்று நினைத்து இறக்கிவைக்கச் சொன்ன ஒரு பேராசிரியரோடு நான் மல்லுக்கட்டியது உண்டு.

ஜிமெயிலில் இன்னொரு வேடிக்கை. பெயருக்கு நடுவில் எத்தனை டாட் வைத்தாலும், வைக்காமலே விட்டாலும், எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் போகும். எனவே தொலைபேசியில் தொண்டை கிழிய ‘டாட், டாட்’ என்று கத்த வேண்டாம். மற்ற நிறுவனங்களின் முகவரிகளில் இந்தச் சலுகையை நம்பிவிடாதீர்கள்.

இலங்கைத் தமிழர் ‘டொட் கொம்’ என்று எழுதுவார்கள். ஆங்கில ஒலிக்கு அது நம்முடையதைவிட நெருக்கம் என்பது என் கருத்து. சண்டைக்கு வராதீர்கள்.

ஜூன் 12

‘ஆன் த டாட்’ என்றால் சரியான நேரத்துக்கு. கடிகார முகப்பில் நிமிடங்களைக் காட்டும் புள்ளியில் முள் வந்து நிற்பது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து வழக்கு. ‘ஆன் த ஸ்பாட்’ என்றால் அந்த இடத்திலேயே, உடனே. ‘ஐந்து மணிக்கு ஆன் த ஸ்பாட் வந்தார்’ என்று எழுதாதீர்கள். ஸ்பாட் ஃபைன் கட்டியவர்களுக்கு இது மறக்காது. ‘சின்ஸ் த இயர் டாட்’ என்று பிரிட்டிஷார் சொன்னால் ஆதிகாலம் முதல் என்று பொருள்.

சிறிய ஐ எழுத்தின் மேலே இருக்கும் டாட்டுக்குத் தனிப்பெயர் உண்டு, டிட்டில். மத்தேயு நற்செய்தியில் வேதத்தின் ஒரு டிட்டிலும் அழியாது என்று பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு. தமிழில் அந்த இடம் ‘ஒரு எழுத்தின் உறுப்பாகிலும்’ என்று வருகிறது. எனக்குத் தமிழ்தான் பிடித்திருக்கிறது. டிட்டில் என்பது விளக்கம் கேட்கும் சொல், உறுப்பு என்றால் கையையோ காலையோ வெட்டியதுபோல வலிக்கிறது.

ஜூன் 14

இதை எழுதலாமா என்று தயங்கினேன். அமெரிக்காவில் இருக்கும் ஒருவர் நினைவுபடுத்தியதால் எழுதுகிறேன்.

1987-இல் நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் ஒரு கும்பல் தன்னை டாட்பஸ்டர்ஸ் என்று அழைத்துக்கொண்டது. டாட் என்றது நம் பெண்களின் நெற்றிப் பொட்டை. இந்தியர்களை ஊரைவிட்டுத் துரத்துவோம் என்று உள்ளூர்ப் பத்திரிகைக்கே கடிதம் எழுதினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பக்கத்து ஊரான ஹோபோகனில் ஓர் இந்திய இளைஞரை இளைஞர் கூட்டம் ஒன்று அடித்ததில் அவர் சில நாட்களில் இறந்தார். அவர் பார்சி. அன்றாடம் பொட்டு வைக்கும் வழக்கம் இல்லாத சமூகத்தவர், அதிலும் ஆண். அதே வாரம் ஜெர்சி சிட்டியில் ஓர் இந்திய மருத்துவரும் தாக்கப்பட்டார்.

பொட்டு கையால் வைப்பது, வட்டமானது. நான் சொன்ன விதிப்படி அதை டாட் என்பதில் பிழை இல்லை. ஆனாலும் வெளியே இருந்து பார்ப்பவர் உருவத்துக்குப் பெயர் வைக்கிறார், வைத்துக்கொள்பவர் வேறொன்றுக்கு. இன்று ஆங்கில அகராதிகளில் பிந்தி என்ற சொல் இருக்கிறது. அமெரிக்காவில் எழுதும்போது அதையே எழுதுங்கள். பொட்டு என்றே எழுதினாலும் கேட்டுப் புரிந்துகொள்வார்கள்.

ஜூன் 15

‘டாட்ஸ் மாத்திரை’ இந்தச் சொல்லிலிருந்து வந்ததா என்று கேட்கிறார் ஒரு செவிலியர். காசநோய்க்குச் சுகாதார ஊழியர் கண்முன்னே மருந்தை விழுங்கவைக்கும் முறைக்கு ஆங்கிலத்தில் ஒரு நீண்ட பெயர், அதன் முதலெழுத்துகள் சேர்ந்து டாட்ஸ். புள்ளிக்குத் தொடர்பில்லை. ஆனால் பெயர் வந்த விதம் வேடிக்கை: 1990-களின் நடுவில் உலக சுகாதார நிறுவனத்தில் ‘ஸ்டாப்’ என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் எழுதியிருந்த தாளைத் தலைகீழாகப் பார்த்தபோது ‘டாட்ஸ்’ என்று தெரிந்ததாகச் சொல்வார்கள். எழுதித் திருப்பிப் பாருங்கள், உண்மைதான்.

முறையின் வேர் நம் ஊரில். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம், சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்கவைத்துத் தருவதும் வீட்டில் இருந்தபடி மருந்து எடுப்பதும் ஏறக்குறைய ஒரே பலன் தருகின்றன என்று 1959-இல் காட்டியது. அப்படியானால் வீட்டில் இருப்பவர் மருந்தை விழுங்கினாரா என்று எப்படித் தெரியும் என்ற கேள்வி எழுந்தது. பக்கத்தில் நின்று பார்ப்பதே விடை. தாம்பரம் அருகே ரயில் நிலையத்துக்குச் சானடோரியம் என்ற பெயர் இன்றும் நிற்கிறது.

சிகிச்சை அட்டையில் மருந்து எடுத்த ஒவ்வொரு நாளுக்கும் கட்டத்தில் குறி போட வேண்டும். செவிலியர் எழுதியிருந்தது எனக்குப் பிடித்தது: “காலியாக விட்டால் நோயாளி வரவில்லை என்று பொருள், எனவே வந்தவருக்கு மறக்காமல் குறி போடுவேன்.” ஸ்கோரராகப் போயிருக்கலாம் அவர்.

ஜூன் 18

வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கோலம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதுகிறாராம் ஒருவர். ‘கனெக்ட் த டாட்ஸ்’ என்று போடலாமா என்கிறார்.

புள்ளிகளைக் கோட்டால் சேர்க்கும் கோலத்துக்குப் போடலாம். நட்சத்திரக் கோலம், தாமரைக் கோலம் போன்றவற்றில் புள்ளி கோட்டுக்குள் மறைந்துவிடும். சிக்குக் கோலத்துக்குப் போடக் கூடாது. அங்கே இழை புள்ளியைத் தொடவே தொடாது, சுற்றிக்கொண்டு போகும். கோலம் முடிந்த பிறகும் ஒவ்வொரு புள்ளியும் தன் கட்டத்துக்குள் தனியாக நிற்கும். ‘கனெக்ட்’ என்று படித்துவிட்டு வரும் பயணி புள்ளிக்குப் புள்ளி நேர்க்கோடு இழுப்பார், உங்கள் வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். ‘லூப் அரவுண்ட் த டாட்ஸ்’ என்று எழுதுங்கள். நேர்ப்புள்ளிக்கும் ஊடுபுள்ளிக்கும் உள்ள வேறுபாட்டைச் சொற்களால் விளக்க முயல வேண்டாம், ஒரு படம் போட்டுவிடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும்போது அந்தப் படத்தின் புள்ளிகளைச் சற்றுச் சிறியதாக வரையுங்கள், காகிதத்தில் வீங்கும்.